மறுபடிக்காரர் செய்த வண்டி வேலை

என் அப்பாவை லாரிக்காரர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் வேலை பார்க்கும் எடை மேடைக்கு வந்துபோகும் அத்தனை பேருக்கும் அவர் ‘மறுபடி’. “இன்னிக்கு டியூட்டி யாரு? மறுபடியா? சரி, படுத்துத் தூங்கிட்டு வர்றேன்” என்று ஒரு டிரைவர் சொன்னதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டுதான் எடை மேடை. லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் அப்பாவுக்கு முன்னால் எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். மற்றவர்கள் டியூட்டி என்றால் அதோடு சீட்டு கையில் வந்துவிடும். அப்பா எழுந்து வெளியே வருவார். லாரியை நான்கு தடவை சுற்றுவார். குனிந்து சக்கரம் மேடைக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு டிரைவரிடம், “வண்டியை மேடையை விட்டு இறக்கிட்டு மறுபடி ஏத்து” என்பார்.

அவர் சந்தேகப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலி லாரியை எடை போட வரும்போது, காலி எடை கூடினால் சரக்கு குறைவாகக் காட்டும் என்று தண்ணீர்த் தொட்டியை ரொப்பிக்கொண்டு வந்து, பிறகு வழியில் திறந்துவிடுகிற ஆள் உண்டு. இருக்கைக்குப் பின்னால் கிளீனரைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்ட ஆளும் உண்டு. அந்தக் கிளீனர் தும்மினதால்தான் மாட்டினான். “தும்மல் வரலைன்னா?” என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதால் நாங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

மேடையையும் அவர் நம்பமாட்டார். லாரி இறங்கிய பிறகு எண் திரும்பப் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். “எடை காட்டுறது பெரிசில்ல. எல்லாத்தையும் எடுத்துட்டா பழைய நிலைக்கு வருதா, அதான் முக்கியம்” என்பது அவர் கொள்கை. பூஜ்யம் பார்க்காமல் அவர் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டாலும், கழற்றி, முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி போடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டு, அம்மா சரி என்றபோது, “மறுபடி சொல்லு” என்றாராம். “அப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும்” என்பாள் அம்மா. போகவில்லை. அதனால் அக்காவும் நானும் இருக்கிறோம்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. அப்பா சொன்னதில்லை, அம்மா சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு டிரைவர் அவசரம் என்று கெஞ்சியதால், ஒரே தடவை எடை பார்த்துச் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்று கிலோமீட்டர் தள்ளி, இறக்கத்தில் அந்த லாரி கவிழ்ந்தது. டிரைவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு கை போய்விட்டது. டயர் வெடித்ததுதான் காரணம் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். அப்பா மட்டும் இன்னும் முடிக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அக்கா வண்டிச் சாவியைக் கேட்டாள்.

எங்கள் வண்டி பன்னிரண்டு வயதான, டிக்கி வைத்த நாலு கதவு வண்டி. சாம்பல் நிறம் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது. வெயில் அதை வேறொரு நிறமாக்கிவிட்டது, அந்த நிறத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அக்காவுக்கு நகரத்துக்கு வெளியே குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. நாற்பது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு அங்கே கையெழுத்துப் போட வேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரவில்லையென்றால், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறது. வண்டியும் இருக்கிறது. நடுவில் அப்பாவும் இருக்கிறார்.

“வண்டி இந்த நிலைமைல நெடுஞ்சாலைக்குப் போகாது. நான் சரி பண்ணித் தர்றேன். அப்புறம் சாவி” என்றார் அப்பா.

“எப்பப்பா முடியும்?” என்றாள் அக்கா.

“முடியறப்ப முடியும்.”

தெருமுனையில் மெக்கானிக் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கிரீஸ் அண்ணன், சட்டையைப் பார்த்தால் காரணம் கேட்கமாட்டீர்கள். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் வண்டியை விட்டபோது, புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிட்டார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். அதனால் எல்லா வேலையும் வீட்டு முகப்பில், தகரக் கூரைக்குக் கீழே, தன் கையால் மட்டும் என்று முடிவு செய்தார். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரைக்கு வருவார். சாப்பிட்டதும் நேராக வண்டிதான்.

கூரைக்குக் கீழே இருந்த சுவரில் சாக்பீஸால் எட்டு வேலை எழுதினார். மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. புது வைப்பர். கதவு ரப்பர். போன் சார்ஜர். அக்கா குள்ளம் என்பதால் டிரைவர் சீட்டுக்குள் ஓர் அடுக்கு நுரை. இரட்டை ஹார்ன். ரிவர்ஸ் கேமரா, அதைப் பார்க்க முன்னால் கையகலத் திரை. நாலு கதவும் ஒரே பொத்தானில் பூட்டும் சென்ட்ரல் லாக். ஒவ்வொன்றும் முடிந்ததும் மேலே ஒரு கோடு.

மறுநாள் காலையில் நான் ஒன்பதாவதாக ‘இறக்கை’ என்று எழுதிவைத்தேன். அப்பா அன்று சாயங்காலம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, “இறக்கைன்னா என்ன அர்த்தம்?” என்று விசாரித்தார். சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் நான் என்பதால் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் எனக்கு ‘வாலு’ என்று பெயர். பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. அப்பாவின் ஸ்கூட்டரில் ‘எல்’ பலகை ஒட்டியதும், அவர் அது தெரியாமல் ஒரு வாரம் டியூட்டிக்குப் போய்வந்ததும் உண்மை. ஆனால் இனி சொல்லப்போவதில் நான் எதுவும் செய்யவில்லை. இதைச் சொன்னால் வீட்டிலேயே நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.

முதல் ஐந்து வேலையும் பத்து நாளில் முடிந்தன. ஹெட்லைட்டைத் தேய்க்க மட்டும் அம்மாவை விட்டார். கண்ணாடி நன்றாகத்தான் வந்தது. அப்பா நான்கு மூலையிலிருந்தும் பார்த்துவிட்டு, “இதுல வேற ஏதோ தடவியிருக்கே” என்றார். “ஆமாங்க, என் கையெலும்பு கொஞ்சம் தேஞ்சு ஒட்டியிருக்கும்” என்றாள் அம்மா. ஐந்து கோடு விழுந்தது. அக்கா அலமாரியிலிருந்து வேலைக்குப் போட்டுக்கொள்ளும் துணிகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

ஆறாவதில் ஆரம்பித்தது வினை. இரட்டை ஹார்ன் மாட்டிய அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா கோடு போட்டார். இரண்டு நாள் கழித்து அக்கா சீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

அப்பா சுவருக்குப் போனார். உள்ளங்கையால் கோட்டை அழித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு கை வெச்சது?”

“என்னை ஏன் பாக்கறீங்க?”

“நான் சும்மா பார்த்தேன். நீ ஏன் பதறுறே?”

“நீங்க பார்க்கற பார்வைக்கு இந்தச் சுவரே பதறும்ப்பா.”

அவர் மறுபடி மாட்டினார். ஹார்ன் கத்தியது. கோடு விழுந்தது. அடுத்தது ரிவர்ஸ் கேமரா. பின்னால் நம்பர் பலகைக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கண். முன்னால் திரையில் தெருவும், வேலியும், வேலிமேல் உட்கார்ந்திருந்த பூனையும் தெரிந்தன. பூனை எங்களைப் பார்த்தது. எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு நாளில் திரை கறுத்துவிட்டது. அதே நாளில் ஹார்னும் மறுபடி மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை இரண்டு கோடு அழிந்தது. அதோடு எனக்கு ஒரு புதுச் சட்டம்: வண்டிக்குப் பக்கத்தில் பத்தடிக்குள் வரக்கூடாது. கூரைக்கு வெளியே சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார். நான் வட்டத்துக்கு வெளியே நின்று வணக்கம் வைத்தேன். அது தப்பாகப் போயிற்று.

கிரீஸ் அண்ணன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்குவார். “என்ன சார், ராக்கெட் எப்ப கிளம்புது?” என்பார். அப்பா பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். போன பிறகு, “இவன் ஏன் தினமும் இதே நேரத்துக்கு வர்றான்?” என்பார். “கடையை அந்த நேரத்துக்குத்தான் சாத்துறாரு” என்று அம்மா சொன்னாலும், அப்பா ஒரு நாள் நின்று சைக்கிளின் பின்பக்கக் கூடையை எட்டிப் பார்த்தார். அதில் முட்டைக்கோஸ் இருந்தது.

சந்தேகத்தை அப்பா மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கவில்லை. நானும் ஆரம்பித்தேன். எனக்கு அம்மாமேல் முதலில் சந்தேகம். அக்கா லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போவதை நினைத்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் அம்மாவுக்குப் பானட்டைத் திறக்கவே தெரியாது. பிறகு கிரீஸ் அண்ணன். அவர் எங்கள் வேலிக்குள் வந்ததே இல்லை. கடைசியில் யார்மேல் வந்து நின்றது என்றால், அப்பாமேல். கோட்டை அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. அப்பாடா என்பது மாதிரி ஏதோ இருந்தது.

இதை அக்காவிடம் சொல்லலாம் என்று அறைக்குப் போனேன். அவள் இஸ்திரி போட்ட துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வாலு, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. நீதானே?”

“நீயுமா?”

“நான் அஞ்சு மணிக்குக் கிளம்பினா, திரும்பி வர மூணு மணி. அதுவரைக்கும் உனக்கு இங்க பேச ஆளில்ல. அதனால வேணும்னு பண்றியோன்னு...”

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அவள் சொன்ன முதல் பாதி உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது. “நான் பண்ணியிருந்தா ஹார்னை அமுக்கினா வைப்பர் ஓடும். திரை கறுப்பாவா ஆகும்? இதெல்லாம் ஒரு குறும்பா? இது என் தரமா?” என்று கேட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். என் மானத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அப்பாவுக்கு அக்கா போறது பிடிக்கலையாம்மா?” என்றேன்.

“அந்த மனுஷனுக்குப் பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவார். பிடிச்சிருந்தாத்தான் சொல்லத் தெரியாது” என்றாள்.

எனக்கு அது போதவில்லை. நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா அங்கே நிற்க வேண்டும். ஹார்ன், கேமரா, மாட்டியும் அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளாத சென்ட்ரல் லாக் என்று சுவரில் இன்னும் மூன்று வேலை கோடு இல்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணசந்த நேரம், வட்டத்தைத் தாண்டினேன். பழைய ஸ்பீக்கர்கள் கடகடவென்று சத்தம் போடுகின்றன என்று அப்பா எப்போதோ கழற்றிவிட்டதால், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் தட்டளவுக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. டிக்கிக்குள் படுத்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் வண்டிக்குள் நடப்பது எல்லாம் தெரியும். டிக்கி மூடியை ஒரு துணிச்சுருள் கொடுத்துக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தேன். யார் வந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பிடித்து என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். அப்பா. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டிக்கி சரியாகச் சாத்தாமல் இருப்பது அவர் கண்ணில் படாமல் போகுமா? துணியை உருவி எறிந்துவிட்டு ஓர் அமுக்கு அமுக்கினார். இருட்டியது. மறுபடி ஓர் அமுக்கு.

சரிதான், என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் பானட் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எதையோ நோண்டினார். பிறகு வந்து சீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஹார்ன் கத்தியது. நல்லபடியாகத்தான் கத்தியது! எனக்கு வியப்பு. எழுந்து போனார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வந்து அழுத்தினார். சத்தமில்லை. “ம். பூஜ்யம்” என்றார்.

மறுபடி போனார். டக். வந்து அழுத்தினார். கத்தியது. போனார். டக். இல்லை. “பூஜ்யம்.” போனார். டக். கத்தியது. ஓட்டை வழியாக அவர் முதுகும் பிடரி வியர்வையும் தெரிந்தன. இப்படி எத்தனை தடவை என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அவர் ஹார்னைப் பழுதுபார்க்கவில்லை. மாட்டிய கிளிப்பைப் பிடுங்கி, ஹார்ன் நிற்கிறதா என்று பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். எடை மேடைக்குச் செய்வதை வண்டிக்குச் செய்துகொண்டிருந்தார். தினமும் சாப்பிட்ட பிறகு பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் செய்ததெல்லாம் இதுதான். ஹார்ன் கத்துவதைக் கேட்டு, வேலை நடக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

கடைசியில் ஒரு டக். வந்து அழுத்தினார். ஹார்ன் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். இல்லை. போய்க் கிளிப்பை ஆட்டிவிட்டு வந்து அழுத்தினார். இல்லை.

வண்டிக்குள் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். கூரைக்குக் கீழே வேறு ஒரு ஈ காக்கை இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “வாலு!”

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டையில் வாயை வைத்து, “நான் இல்லப்பா!” என்று கத்தினேன்.

அவர் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது. கீழே இறங்கினார். வண்டியைச் சுற்றிவருகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து அடியில் பார்த்தார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

“எங்கடி இருக்கே?”

“டிக்கில.”

“உள்ள எப்படிப் போனே?”

“நீங்கதான் சாத்தினீங்க. ரெண்டு தடவை.”

திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நான் நனைந்த கோழி மாதிரி இருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, “மூச்சு முட்டலையே?” என்று கேட்டார். பிறகு நினைவு வந்து திட்டினார்.

சத்தம் கேட்டு அம்மாவும் அக்காவும் வந்துவிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

“கழட்டிப் பார்க்காம எப்படித் தெரியும்? எடுத்தா நிக்கணும், வெச்சா ஓடணும். அப்பத்தான் அது நாம மாட்டினதால ஓடுதுன்னு அர்த்தம்.”

“சரிப்பா. எத்தனை தடவை கழட்டினீங்க?” என்றாள் அக்கா.

“ஒரு நாளைக்குப் பத்து... பன்னெண்டு.”

“கேமராவையும்?”

அப்பா டிக்கியைப் பார்த்தார். டிக்கிக்குள், நான் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் கேமராவின் கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தொட்டாள். தொட்டதுமே கையோடு வந்தது.

“அதுக்குள்ள இருக்கற தகடு எல்லாம் வாயைப் பொளந்துடுச்சு சார்” என்று வேலிக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. கிரீஸ் அண்ணன், சைக்கிளில் ஒரு கால், தரையில் ஒரு கால். “நாலஞ்சு தடவைக்கு மேல பிடுங்கினா பிடிக்காது. கையால மாட்டும்போது நிக்கும். கதவைச் சாத்தினா கழண்டுக்கும். லாக்குக்கும் அதே கிளிப்தான், அதையும் பிடுங்கியிருப்பீங்க.”

அப்பா சுவரைப் பார்த்தார். எட்டாவது வேலையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் கையில் அந்தக் கிளிப் இருந்தது. “அப்பா, நாளைக்குக் காலைல ஆறு மணி. நான் ஹார்ன் இல்லாம போறதா, கிரீஸ் அண்ணன் கைப்பட மாட்டிக்கிட்டுப் போறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. போகாம இருக்கறதுன்னு மூணாவது ஒண்ணு இல்ல.”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கிரீஸ் அண்ணன்கூடச் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். “அன்னிக்கு அந்த பேட்டரி...”

“சார், அது உங்க பேட்டரிதான் சார். கரி படிஞ்சிருந்துச்சு, தொடச்சு வெச்சேன். அதான் வேற மாதிரி தெரிஞ்சுது. எட்டு வருஷமா கேப்பீங்கன்னு பார்த்தேன், கேக்கவே இல்ல.”

“தொடச்சியா? எதுக்குத் தொடச்சே?”

“அழுக்கா இருந்துச்சு சார்!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிரீஸ் அண்ணன் கடையைத் திறந்து புதுக் கிளிப்புகளும், அவற்றை அமுக்கிப் பிடிக்கவைக்கும் இடுக்கியும் எடுத்துவந்தார். வேலையைத் தொடும் முன் ஒரு நிபந்தனை போட்டார்: “நான் மாட்டினப்புறம் நீங்க பிடுங்கக் கூடாது. பார்க்கவும் கூடாது. பார்த்தா உங்க கை தானா போகும்.” அப்பாவுக்கு இப்படி ஒரு நிபந்தனையை வாழ்நாளில் யாரும் போட்டதில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒவ்வொரு ‘டக்’ சத்தத்துக்கும் அவர் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. பாவமாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். “என்ன பண்றான்?” என்று உதடு அசையாமல் கேட்டார். “மாட்டறாரு.” “அது தெரியும். எப்படி மாட்டறான்?” “நல்லாத்தான் மாட்டறாரு.” “உனக்கு என்ன தெரியும்” என்றார். ஆனால் திரும்பவில்லை.

ஹார்ன் கத்தியது. திரையில் தெருவும் வேலியும் வந்தன. நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டி, ஒன்றாகத் திறந்தன. அப்பாவின் கை தானாகப் பானட் பக்கம் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டியை விடுங்கப்பா. கேக்கறதை என்னைக் கேளுங்க.”

கேட்டார். இருவரும் படியில் உட்கார்ந்துகொண்டார்கள், பொழுது சாயும்வரை கேட்டார். மழையில் வைப்பர் நின்றால்? பக்கத்து லாரி இடது பக்கம் தள்ளினால்? முன்னால் போகிற லாரியில் கயிறு தொங்கினால்? அக்கா சொல்லச் சொல்ல, “மறுபடி சொல்லு” என்பார். அவள் மறுபடி சொல்வாள், வார்த்தை மாறாமல். நானாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே ஓடியிருப்பேன்.

கடைசியாக, “இறக்கத்துல டயர் வெடிச்சா?” என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “ஸ்டியரிங்கை விடாம பிடிச்சுப்பேன். சட்டுனு பிரேக் போடமாட்டேன். ஓரமா நிறுத்துவேன். அதுக்கு மேல தெரியாதுப்பா. உங்களுக்குப் போன் பண்ணுவேன்.”

அதை மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

காலை நாலேமுக்காலுக்கு அக்கா சீட்டில் உட்கார்ந்தாள். நுரை வைத்தது நல்லதாகப் போயிற்று, தலை ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்தது. தெருமுனைவரை நான் கூடப் போவதாகப் பேச்சு. அம்மா சாப்பாட்டுப் பையை என் மடியில் வைத்து, “நீ தின்னுடாதே” என்றாள். கூரைக்குக் கீழேயிருந்து தெருவுக்குப் பின்னால்தான் எடுக்க வேண்டும். அக்கா ரிவர்ஸ் கியர் போட்டாள். திரை விழித்தது.

திரையில் தெருவைக் காணோம். ஒரு வேட்டி தெரிந்தது, இரண்டு முழங்கால், வயிற்றுக்கு மேலே கட்டிக்கொண்ட இரண்டு கை. அப்பா வண்டிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“கேமராவைச் சோதிக்கறாரா?” என்றாள் அக்கா கிசுகிசுத்து.

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. குனிந்து திரையை உற்றுப் பார்த்தேன். திரையின் மேல்விளிம்பில் அவர் முகம் குனிந்திருந்தது. அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

நான் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“அப்பா, நகருங்க. எனக்கு நேரமாச்சு” என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள்.

முழங்கால்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தன. போதவில்லை. அக்கா காத்திருந்தாள். திரையின் ஓரத்தில் வேட்டியின் விளிம்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போய், விளக்கு எரிகிற காலித் தெரு முழுசாகத் தெரிந்தது. அக்கா கிளட்ச்சை விட்டாள்.